நான்கு மாத ஆராய்ச்சிக்கு எலி எதற்கு?

கேள்வி: சேலம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் எம்.பார்ம் படிக்கிறேன், ஃபார்மசூட்டிக்ஸ் பிரிவு. இரண்டாம் ஆண்டு தொடங்கப்போகிறது. தீசிஸ் வேலையை வெளிநாட்டில் செய்யலாம் என்று பல பேராசிரியர்களுக்கு மெயில் அனுப்பினேன். இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் பார்மசி துறையிலிருந்து ஒருவர், ஜனவரி முதல் நான்கு மாதம் வருகை மாணவியாக வரலாம் என்று பதில் எழுதியிருக்கிறார். உதவித்தொகை கிடையாது, லேப் செலவுக்கு பெஞ்ச் ஃபீ கட்ட வேண்டும். ஈரோட்டு மஞ்சளிலிருந்து நானே குர்குமினைப் பிரித்தெடுத்து, அங்கே கொண்டுபோய், மார்பகப் புற்றுநோய்க்கு நானோ துகளாகத் தயாரித்து, செல்லிலும் எலியிலும் சோதிக்க நினைக்கிறேன். என் கைடு "அதெல்லாம் சரிப்படாது, இங்கேயே செய்" என்கிறார். அப்பா கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். வீட்டுப் பத்திரத்தை வைத்தாவது அனுப்புகிறேன் என்கிறார். போகலாமா? போனால் எப்படித் தயாராவது?
பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

போகலாம். ஆனால் எலி வேண்டாம், குர்குமின் வேண்டாம், வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைப்பது வேண்டவே வேண்டாம். உங்கள் கைடு சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதியை, ஒழுங்கான திட்டத்தோடு போய்ப் பேசினால் அவரே விட்டுக்கொடுப்பார் என்றுதான் தோன்றுகிறது.

நான் மாத்திரை, கேப்சூல் ஃபார்முலேஷன் வேலையில், அதாவது மருந்துப் பொருளுக்கு உட்கொள்ளும் வடிவம் கொடுக்கும் வேலையில், பல வருடம் இருந்துவிட்டுக் கற்பிக்க வந்தவன். வருகை மாணவர்களை அனுப்பியும் இருக்கிறேன், எங்கள் லேபில் வரவேற்றும் இருக்கிறேன். நன்றாக முடித்துத் திரும்புகிறவர்கள் பெரும்பாலும் சின்னக் கேள்வியோடு போனவர்கள்தான். பெரிய தலைப்போடு போனவர்கள் அரைகுறைத் தரவோடு திரும்பி வந்து, தீசிஸ் தேதி நெருங்கும்போது என்ன எழுதுவது என்று தெரியாமல் முழிப்பார்கள்.

முதலில் எலி. இங்கிலாந்தில் விலங்குச் சோதனைகளுக்கு 1986ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. நிறுவனத்துக்கு ஒரு உரிமம், ஆராய்ச்சித் திட்டத்துக்கு ஒரு உரிமம், ஊசி போடுகிற ஆளுக்குத் தனிநபர் உரிமம் ஒன்று என்று மூன்றடுக்கு. தனிநபர் உரிமத்துக்குப் பயிற்சி உண்டு, தேர்வு உண்டு. நீங்கள் நினைக்கும் சோதனை அந்த லேபின் திட்ட உரிமத்தில் ஏற்கெனவே இல்லையென்றால், அதைத் திருத்தி வாங்கவே மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் உங்கள் விசா முடிந்துவிடும். நம்மூரிலேயே விலங்கு எதிக்ஸ் கமிட்டி எப்போது கூடும் என்று காத்திருந்த சீனியர்கள் உங்கள் கல்லூரியில் இருப்பார்கள். அவர்களைக் கேட்டுப்பாருங்கள்.

செல் வேலையும் நினைப்பதுபோல் சுலபம் இல்லை. உறைய வைத்த எம்.சி.எஃப்-7 என்ற மார்பகப் புற்றுநோய் செல்லை எடுத்து வளர்த்து, கை பழகி, மூன்று தடவை செய்தால் மூன்று தடவையும் ஒத்த எண் வரும் நிலைக்கு வர, புதியவருக்கு ஒன்றரை மாதமாவது ஓடிவிடும். நடுவில் ஒருமுறை பூஞ்சை பிடித்தால் மறுபடி முதலிலிருந்து.

குர்குமின் விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எம்.பார்ம் சினாப்சிஸ், அதாவது தீசிஸ் திட்டச் சுருக்கம், பத்தைப் பிரித்தால் ஒன்றிலாவது குர்குமின் இருக்கிறது. நம் வீட்டுப் பொருள், மலிவு, பாதுகாப்பு என்று எல்லாருக்கும் அதன்மேல் பாசம். ஆனால் மருந்து வடிவமைப்பவர் கண்ணுக்கு அது தொல்லை பிடித்த மூலக்கூறு. தண்ணீரில் கரையாது. 7.4 பிஎச் உள்ள பஃபரில் (பிஎச் மாறாமல் காக்கும் கரைசலில்) 37 டிகிரியில் வைத்தால் அரை மணி நேரத்திலேயே பெரும்பகுதி சிதைந்துவிடும். செல் சோதனையில் நீங்கள் பார்ப்பது குர்குமினின் வேலையா, சிதைந்த துணுக்குகளின் வேலையா என்றே தெரியாது. அதோடு மஞ்சள் நிறமும் ஒளிர்தலும் சேர்ந்து, நிறத்தையும் ஒளிர்வையும் அளக்கும் சோதனைகளைக் குழப்பும். 2017இல் மருந்து வேதியியலாளர்கள் சிலர் அதுவரை வந்த ஆய்வுகளை அலசி, குர்குமின் நிலைப்புத்தன்மையற்றது, எளிதில் வினைபுரிவது, உடலில் சேராதது என்று எழுதினார்கள். மருந்தா வெறும் மாத்திரையா என்று இரு தரப்புக்கும் தெரியாமல் நடத்தும் மனிதச் சோதனை எதிலும் அது வெற்றி பெற்றதில்லை என்றும் சொன்னார்கள். அந்தக் கட்டுரைக்கு மறுப்புகளும் வந்தன. இருக்கட்டும். நான்கு மாதம் மட்டும் கையில் உள்ள ஒருவர் இந்தச் சண்டைக்குள் நுழையத் தேவையில்லை.

"நானே பிரித்தெடுத்துக் கொண்டுபோவேன்" என்பதில் இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. இந்தியாவின் உயிரியல் வளங்களை ஆராய்ச்சிக்காக வெளிநாட்டுக்குக் கொண்டுபோக 2002ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டத்தின் கீழ் விதிகள் உண்டு. மஞ்சள் சமையல் சரக்காக ஏற்றுமதியாகும்போது ஒரு கதை, ஆராய்ச்சிக்கென்று பெட்டிக்குள் வைத்துப் போகும்போது வேறு கதை. அனுமதி தரும் தேசியப் பல்லுயிர் ஆணையம் சென்னை தரமணியில்தான் இருக்கிறது. எதிர்காலத்தில் மூலிகை ஆராய்ச்சி செய்வதாக இருந்தால் முதலில் அங்கே விசாரியுங்கள். இப்போதைக்கு, பெயர் தெரியாத மஞ்சள் பொடியை ஜிப் கவரில் போட்டுக்கொண்டு ஹீத்ரோவில் இறங்கி, அது என்னவென்று அதிகாரிக்கு விளக்கும் நிலை உங்களுக்கு வர வேண்டாம். வேண்டிய ரசாயனத்தை அங்கேயே வாங்கிக்கொள்வார்கள்.

சரி, வேறு என்ன செய்வது? அந்தப் பேராசிரியரின் கடந்த மூன்று நான்கு வருடக் கட்டுரைகளை எடுத்து, செய்முறைப் பகுதியை மட்டும் படியுங்கள். எந்தக் கருவி திரும்பத் திரும்ப வருகிறது, எந்தப் பாலிமரை விடாமல் பயன்படுத்துகிறார்கள் என்று பாருங்கள். அதுதான் அந்த லேபுக்குக் கைவந்த வேலை. அதற்குள் ஒரு சின்னக் கேள்வியைத் தேடுங்கள். அப்புறம் பேராசிரியரிடம் இப்படிக் கேளுங்கள்: "உங்கள் குழுவில் பிஎச்.டி. செய்கிற யாருடைய வேலையிலாவது ஒரு துண்டை நான் எடுத்துக்கொள்ளலாமா?" இதைக் கேட்டால் அவர் முகம் மலரும். கூடவே உங்களுக்குத் தினமும் பக்கத்தில் நின்று சொல்லித்தர ஒரு ஆளும் கிடைத்துவிடும். பேராசிரியர் வாரம் ஒருமுறை கண்ணில் பட்டால் அதிகம்.

ஃபார்மசூட்டிக்ஸ் மாணவிக்குப் பொருத்தமான ஒரு கேள்வியை உதாரணத்துக்குச் சொல்கிறேன். கரையாத மருந்தைப் படிக ஒழுங்கு இல்லாத நிலைக்கு, அதாவது அமார்ஃபஸ் வடிவத்துக்கு மாற்றினால் நன்றாகக் கரையும். ஆனால் அது சும்மா இருக்காது. ஈரமும் சூடும் பட்டால் மறுபடி படிகமாகும். பாலிமர் சேர்த்து அதைத் தடுக்கிறோம். ஒரே மருந்து, இரண்டு பாலிமர், இரண்டு ஈரப்பத நிலை. எது எத்தனை நாள் தாங்குகிறது? இவ்வளவுதான் கேள்வி. டி.எஸ்.சி. (சூடாக்கி உருகுவதை அளக்கும் கருவி), படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்ரே டிஃப்ராக்‌ஷன், கரைதிறன் சோதனை என்று மூன்று கருவிகளில் கை பழகும். எலியும் வேண்டாம், எதிக்ஸ் கமிட்டியும் வேண்டாம்.

இது சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். ரிடோனவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து 1996இல் கேப்சூலாகச் சந்தைக்கு வந்தது. 1998இல், அதுவரை யாரும் பார்த்திராத வேறொரு படிக வடிவம் உற்பத்தியில் தலைகாட்டியது. மூலக்கூறு அதேதான், ஆனால் கரைதிறன் மிகக் குறைவு. கேப்சூல்கள் கரைதல் சோதனையில் தோற்றன. அவற்றைச் சந்தையிலிருந்து நிறுத்திவிட்டு, ஃபார்முலேஷனையே புதிதாக அமைக்க வேண்டியதாயிற்று. பிறகு அதே ரிடோனவிரை லோபினவிரோடு சேர்த்துப் பாலிமரில் உருக்கி வார்த்து, குளிர்பெட்டி தேவைப்படாத மாத்திரையாக 2005இல் கொண்டுவந்தார்கள். கோவிட் சமயத்தில் பேக்ஸ்லோவிட் என்று கேள்விப்பட்டிருப்பீர்களே, அதிலும் இந்த ரிடோனவிர் உண்டு. தீசிஸ் வாய்மொழித் தேர்வான வைவாவில் வெளித்தேர்வாளர் "இதனால் யாருக்கு என்ன பயன்?" என்று கேட்டால் இந்தக் கதையைச் சொல்லுங்கள், போதும்.

முதல் சில நாள் இண்டோமெதசின் என்ற வலிநிவாரணியில் கை பழகுங்கள். அது இந்தத் துறையில் எல்லாரும் அடித்துத் துவைத்துவிட்ட மருந்து, புதிதாக ஒன்றும் கிடைக்காது. ஆனால் அதன் காமா படிகம் 160 டிகிரியை ஒட்டி உருகும் என்பதும், உருக்கிச் சட்டென்று குளிர்வித்தால் கிடைக்கும் கண்ணாடி போன்ற அமார்ஃபஸ் வடிவம் இளகத் தொடங்கும் வெப்பநிலை 40 முதல் 45 டிகிரிக்குள் வரும் என்பதும் எல்லாருக்கும் தெரிந்த எண்கள். உங்கள் டி.எஸ்.சி.யில் அவை வந்தால் கருவியும் கையும் சரி. வராவிட்டால் உங்கள் மருந்தைத் தொடாதீர்கள், காரணத்தைத் தேடுங்கள்.

இப்போது காலக்கணக்கு. நான்கு மாதம் என்பது பதினாறு, பதினேழு வாரம். போன அன்றே லேப் கோட் போட்டுக்கொண்டு நிற்க முடியாது. அடையாள அட்டை, கணினி லாகின், தீயணைப்புப் பயிற்சி, கழிவு கொட்டும் முறை என்று முதல் வாரம் போகும். அங்கே 2002ஆம் ஆண்டிலிருந்து உள்ள ரசாயனப் பாதுகாப்பு விதிகளின்படி, நீங்கள் தொடப்போகும் ஒவ்வொரு பொருளுக்கும் என்ன ஆபத்து, கொட்டினால் என்ன செய்வது, எங்கே அகற்றுவது என்று எழுதி மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்கிய பிறகுதான் பாட்டிலைத் திறக்க முடியும். வெறும் சம்பிரதாயம் என்று நினைத்துக் காப்பியடித்துக் கொடுத்தால் திருப்பி அனுப்புவார்கள். ஒவ்வொரு கருவிக்கும் தனிப் பயிற்சி, பயிற்சி தருபவரின் நேரத்துக்குக் காத்திருப்பு, பிறகு கருவிக்கே வரிசை. ஈஸ்டரை ஒட்டிச் சில நாள் கட்டடமே மூடியிருக்கும். தீசிஸ் நெருங்கினால் நம் கல்லூரியில் இரவு ஒன்பது மணிவரை லேபில் இருப்போம். அங்கே பல இடங்களில் மாலைக்குமேல் தனியாக வேலை செய்ய வருகை மாணவருக்கு அனுமதி இருக்காது. எல்லாம் கழித்தால் உருப்படியான சோதனை வாரம் பத்து தேறும். அந்தப் பத்துக்குத்தான் நீங்கள் திட்டம் போட வேண்டும்.

மருந்துத் தர விதிகளை வகுக்கும் சர்வதேச அமைப்பான ஐ.சி.எச்.சின் விதிப்படி 40 டிகிரி, 75 சதவீத ஈரப்பதத்தில் செய்யும் துரித நிலைப்புச் சோதனைக்கு மட்டும் ஆறு மாதம் ஆகும் என்பது உங்களுக்கே தெரியும். அதை முழுதாகச் செய்வதாகச் சினாப்சிஸில் எழுதிவிட்டு அங்கே போய்க் கையைப் பிசையாதீர்கள். நான்கு, ஆறு வாரத்தில் வேறுபாடு தெரியும்படி கேள்வியை அமையுங்கள்.

ஆகவே பாதி வேலையை ஜூலையிலிருந்து டிசம்பருக்குள் உங்கள் கல்லூரியிலேயே முடித்துவிடுங்கள். மருந்தை அளக்க ஹெச்.பி.எல்.சி. முறையை உருவாக்குங்கள், நேர்கோட்டுத்தன்மை, துல்லியம், திரும்பச் செய்தால் அதே முடிவு வருவது எல்லாவற்றையும் சரிபாருங்கள். தூய மருந்தின் கரைதிறன், 900 மில்லி ஊடகத்தில் 37 டிகிரியில் அது கரையும் வேகம், பாலிமரோடு சேர்த்தால் ஒத்துப்போகிறதா என்பது வரை இங்கேயே பார்க்கலாம். இவை எல்லாம் உங்கள் கல்லூரியில் இருக்கும் கருவிகளுக்கு அடங்கிய வேலை. அங்கே போய்ச் செய்ய வேண்டியது, இங்கே இல்லாத கருவிகளில் மட்டும். இப்படிப் பிரித்தால் ஒரு பெரிய சௌகரியம்: விசா மறுக்கப்பட்டாலும், பேராசிரியர் கடைசி நேரத்தில் கைவிட்டாலும், உங்கள் தீசிஸ் விழாது. இங்கே செய்த வேலையோடு, அருகில் உள்ள ஏதாவது நிறுவனத்தில் கட்டணம் கட்டி எக்ஸ்ரே எடுத்துச் சேர்த்தால் ஒரு முழு தீசிஸ் ஆகிவிடும்.

கைடு விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தத் திட்டம் அவர் இல்லாமல் நகராது. அவர் ஏன் வேண்டாம் என்கிறார் என்று யோசித்தீர்களா? தலைப்பும் கைடு பெயரும் பல்கலைக்கழகத்தில் பதிவாகின்றன. உங்கள் வருகைக்கு அவர் பொறுப்பு. தீசிஸ் தாமதமானால் முதல்வர் அவரைத்தான் கூப்பிடுவார். அங்கே உங்களுக்கு ஏதாவது ஆனால் உங்கள் அப்பா முதலில் போன் போடுவதும் அவருக்குத்தான். இவ்வளவுக்கும் பிறகு கட்டுரை வெளியாகும்போது அவர் பெயர் இல்லாமல் போன கதைகளையும் அவர் கேட்டிருப்பார்.

எனவே வெறுங்கையோடு போகாமல் ஒரு பக்கத் திட்டம் எழுதிக்கொண்டு போங்கள். இங்கே செய்வது எது, அங்கே செய்வது எது, எந்தத் தேதிக்குள் திரும்புகிறேன், போக முடியாவிட்டால் மாற்று என்ன என்று அதில் இருக்கட்டும். "சார், நீங்களும் அவரும் சேர்ந்து வழிகாட்ட வேண்டும்" என்று கேளுங்கள். அந்தப் பேராசிரியரை உங்கள் கைடுக்கு நேரடியாக ஒரு மெயில் போடச் சொல்லுங்கள். ஆள் உண்மையா, அழைப்பு உண்மையா என்ற சந்தேகமே அதில் பாதி தீர்ந்துவிடும். கட்டுரையில் யார் யார் பெயர், எந்த வரிசை என்பதையும் கிளம்பும் முன்பே மூன்று பேரும் மெயிலில் பேசிவிடுங்கள். மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு வகுத்த நெறி இருக்கிறது: ஆய்வில் கணிசமான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழு வேலைக்கும் பொறுப்பேற்பது, இந்த நான்கும் இருந்தால்தான் ஆசிரியர். இங்கே பாதி வேலையை உங்கள் கைடோடு செய்தால் அவர் பெயர் மரியாதைக்காகப் போடும் பெயராக இருக்காது, உரிமையுள்ள பெயராக இருக்கும்.

ஜிபாட் என்ற எம்.பார்ம் நுழைவுத்தேர்வின் பேரில் தரும் உதவித்தொகை வாங்குகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. வாங்கினால், மாதாமாதம் கல்லூரி உங்கள் வருகையை உறுதிப்படுத்தினால்தான் பணம் வரும். நான்கு மாதம் வெளியே இருப்பதை எப்படிக் கணக்கில் எடுப்பார்கள் என்று அலுவலகத்தில் எழுத்தாகக் கேட்டு வாங்குங்கள். வாய்வார்த்தை வேண்டாம்.

விசா. வெளிநாட்டில் பட்டப்படிப்பு அல்லது அதற்கு மேல் படிக்கும் ஒருவர், தன் படிப்பின் ஒரு பகுதியாகவோ அதற்குத் தொடர்பாகவோ இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்ய, ஆறு மாதம் வரை சாதாரண வருகையாளர் விசாவிலேயே அனுமதி உண்டு. இது உங்கள் படிப்போடு தொடர்புடையது, வேலை அல்ல என்று உங்கள் கல்லூரி கடிதம் தர வேண்டும். சம்பளம் வாங்கக்கூடாது, மாலையில் கடையில் பகுதிநேர வேலை என்ற நினைப்பே கூடாது. கல்லூரிக் கடிதமும் அங்கிருந்து வரும் கடிதமும் உங்கள் விண்ணப்பமும் ஒரே மாதிரி பேச வேண்டும். ஒன்றில் ஆராய்ச்சி மாணவி, இன்னொன்றில் இன்டர்ன்ஷிப், மூன்றாவதில் பயிற்சி வேலை என்று இருந்தால் அதிகாரிக்குச் சந்தேகம் வருவது இயல்பு.

இதோடு ஏட்டாஸ் என்று ஒரு பாதுகாப்புச் சான்றிதழ் இருக்கிறது. சில அறிவியல் துறைகளில் முதுநிலை ஆராய்ச்சிக்கு வரும் இந்தியர் உட்படப் பல நாட்டவருக்கு அது தேவை. பார்மசியும் அந்தப் பட்டியலில் வருகிறது. குறுகிய கால வருகையாளரையும் அது விடுவதில்லை. கட்டணம் இல்லை, ஆனால் வாரக்கணக்கில் ஆகும். உங்கள் திட்டத்துக்கு வேண்டுமா என்று பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்திடம் எழுதிக் கேளுங்கள். பேராசிரியர்களுக்கு இது பல சமயம் நினைவில் இருக்காது. வருகையாளர் விசாவுக்குப் பயணத் தேதிக்கு மூன்று மாதத்துக்கு முன்னால் விண்ணப்பிக்க முடியாது. அதனால் ஆகஸ்டில் கடிதங்கள், செப்டம்பரில் ஏட்டாஸ், அக்டோபர் கடைசியில் விசா, விசா கையில் வந்த பிறகு டிக்கெட்.

காப்பீடு எடுக்காமல் விமானம் ஏறாதீர்கள். இந்த விசாவில் அந்நாட்டு மருத்துவச் சேவைக்கான கட்டணம் அடங்காது. அவசரப் பிரிவில் பார்ப்பார்கள், ஆனால் வார்டில் சேர்த்தால் வருகையாளரிடம் வழக்கமான செலவில் ஒன்றரை மடங்கு வசூலிப்பார்கள்.

பணம். பெஞ்ச் ஃபீ என்பதைக் கேட்ட தொகைக்குக் கட்டியே ஆக வேண்டும் என்றில்லை. எதற்கெல்லாம் அது என்று பிரித்துக் கேளுங்கள்: ரசாயனமா, கருவி நேரமா, மேஜைக்கா? நீங்கள் செய்வது அவர்கள் திட்டத்தின் ஒரு துண்டு என்றால் பேராசிரியர் அதைக் குறைக்கவோ விலக்கவோ முயலலாம். கேட்டால் கோபிக்க மாட்டார், அங்கே அது சகஜம். அதைவிடப் பெரிய செலவு வாடகை. விடுதிகள் பெரும்பாலும் வருடக் கணக்கில்தான் ஒப்பந்தம் போடும், நான்கு மாதத்துக்கு அறை கிடைப்பது சிரமம். அந்தக் குழுவின் மாணவர்களிடமே யாராவது அறையைக் காலி செய்கிறார்களா என்று கேளுங்கள். பார்க்காத அறைக்கு முன்பணம் அனுப்பாதீர்கள்.

உங்கள் அப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: பட்டறைக்காரருக்கு வட்டிக் கணக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இந்தப் பயணம் பட்டம் தராது, வேலையும் தராது. ஒரு நல்ல கருவியில் பழகிய கை, குழுவாக ஆராய்ச்சி செய்வது எப்படி என்ற அனுபவம், உங்களை நேரில் அறிந்த ஒருவரின் பரிந்துரைக் கடிதம், இவ்வளவுதான் கிடைக்கும். இவை மதிப்புள்ளவைதான், ஆனால் வீட்டுக்கு ஈடானவை இல்லை. இதற்குப் பிறகு பிஎச்.டி. போவதாக இருந்தால் ஜெர்மனி, நெதர்லாந்து போன்ற நாடுகளில் ஆராய்ச்சி மாணவருக்குச் சம்பளமே தருகிறார்கள். பணம் வாங்கிக்கொண்டு செய்யக்கூடிய வேலையின் முன்னோட்டத்துக்குக் கடன் வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. சேமிப்பில் அடங்கினால் போங்கள். பாதிதான் அடங்குகிறது என்றால் எட்டு வாரமாகக் குறைத்துக் கேளுங்கள், கேள்வியையும் பாதியாக்குங்கள். அதுவும் முடியாவிட்டால் ஹைதராபாத்திலோ மொஹாலியிலோ உள்ள நைப்பருக்கு (தேசிய மருந்தியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்துக்கு) எழுதுங்கள். மேலே சொன்ன கருவிகள் எல்லாம் அங்கே உண்டு.

பி.பார்ம் படிக்கும் வாசகர்கள் சிலரும் இதே போல் கேட்கிறார்கள். அவர்களுக்குக் கனடாவின் மைட்டாக்ஸ் குளோபலிங்க் மாதிரியான, செலவை அவர்களே ஏற்கும் 12 வாரத் திட்டங்கள் இருக்கின்றன. கோடையில் மூன்று இந்திய அறிவியல் கழகங்கள் சேர்ந்து தரும் ஆராய்ச்சி நல்கையும் இருக்கிறது. பார்ம்.டி. ஐந்தாம் ஆண்டு ப்ராஜெக்டை வெளிநாட்டு மருத்துவமனையில் செய்ய நினைப்பவர்கள் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள்: நோயாளியின் கேஸ் ஷீட்டைத் தொடும் எந்த ஆய்வுக்கும் அங்கே தனி எதிக்ஸ் அனுமதி, மருத்துவமனை அனுமதி எல்லாம் வேண்டும். அவற்றை உங்களை அழைக்கும் குழு ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தால் மட்டும் போங்கள்.

லேபுக்குள் எப்படி இருப்பது என்றும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பேராசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்வார்கள். முதல் வாரம் நாக்கு வராது, பழகிவிடும். வாராந்திரக் கூட்டத்தில் "வரவில்லை, இப்படித் தோற்றது" என்று படத்தோடு காட்டுவது அங்கே குறையில்லை. நல்ல முடிவு வரட்டும், அப்புறம் காட்டலாம் என்று மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் குறை. நம் பிள்ளைகள் அதிகம் சிக்குவது இங்கேதான். கருவியை உடைத்தாலும் அன்றே சொல்லிவிடுங்கள்.

குறிப்பேடு உங்களுடையது அல்ல, பல்கலைக்கழகத்துடையது. மூலத் தரவின் நகலை எடுத்துப்போக எழுத்தில் அனுமதி வாங்கி, கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்பே எடுத்துவிடுங்கள். வருகைக் காலம் முடிந்ததும் லாகின் மூடிவிடும். அப்புறம் ஒரு வரைபடத்துக்காக மெயிலுக்குமேல் மெயில் போட்டுக் காத்திருக்க வேண்டும். சேர்ந்ததும் கையெழுத்துக்கு நீட்டும் தாள்களில் அறிவுசார் சொத்துரிமை, ரகசியக் காப்பு பற்றியவையும் இருக்கும். அந்த வேலைக்கு ஏதாவது கம்பெனி பணம் தருகிறதா, தந்தால் என் தீசிஸில் முடிவுகளை எழுதலாமா என்று இப்போதே கேளுங்கள். எழுதக் கூடாது என்றால் அந்தத் துண்டு வேண்டாம், வேறு துண்டு கேளுங்கள். மருந்தின் பெயரை மறைத்து எழுதிய தீசிஸை வைத்துக்கொண்டு வைவாவில் நிற்பது பரிதாபமாக இருக்கும்.

புற்றுநோயை விட்டுவிட வேண்டுமா என்று உங்களுக்கு வருத்தம் இருக்கலாம். நாட்டிங்ஹாமில் பி.பார்ம் முடித்த ஸ்டூவர்ட் ஆடம்ஸ், அதே ஊரில் பூட்ஸ் கம்பெனியில் 1953இல் மூட்டுவலிக்கு ஒரு மருந்து தேடத் தொடங்கினார். கூட ஒரு வேதியியலாளர். நூற்றுக்கணக்கான சேர்மங்களைச் செய்து, சோதித்து, தள்ளி, கடைசியில் கிடைத்த ஐபுபுரூஃபன் 1969இல்தான் அங்கே மருந்துச்சீட்டுக்கு வந்தது. ஆசையை விட வேண்டாம். அதை ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான கட்டத்துக்குள் திணிக்க வேண்டாம், அவ்வளவுதான்.

இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டியது முதலில் கைடைப் பார்ப்பது. அவர் சம்மதித்ததும் பேராசிரியருக்கு அரைப் பக்க மெயில்: அழைப்புக்கு நன்றி, விலங்கு வேலையும் குர்குமினும் இல்லாமல் உங்கள் குழுவின் வேலையில் ஒரு துண்டை எடுத்துக்கொள்ள விரும்புகிறேன், யாருடன் வேலை செய்வேன், பெஞ்ச் ஃபீ எதற்கு, குறைக்க வழி உண்டா, ஏட்டாஸ் வேண்டுமா என்று யாரிடம் கேட்பது, என் கைடின் மெயில் முகவரி இது. நீளமாக எழுதாதீர்கள், தன்வரலாறு மறுபடி அனுப்பாதீர்கள். பத்து நாளில் பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால், அங்கே போன பிறகு அவர் எப்படி இருப்பார் என்பதும் தெரிந்துவிடும். வேறு லேப் பாருங்கள்.